ஆயில் எஞ்சினை உடனே சுற்றாதீர்கள்

கஜா புயல் 2018 நவம்பர் 16-ஆம் தேதி அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் கரையைக் கடந்தது. டெல்டா மாவட்டங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் விழுந்தன. பல கிராமங்களுக்குக் கரண்ட் திரும்பி வர வாரக்கணக்கில் ஆனது. விழுந்த தென்னைகளைப் பற்றியும் கூரை பறந்த வீடுகளைப் பற்றியும் நிறைய எழுதினார்கள். ஆனால் அன்றாடம் வாட்டியது தண்ணீர். போர் இருக்கிறது, மோட்டார் இருக்கிறது, மேல்நிலைத் தொட்டியும் விழாமல் நிற்கிறது. தண்ணீர் மட்டும் ஏறாது. ஜெனரேட்டர் வந்தால்தான் உண்டு. அந்த ஜெனரேட்டரும் ஊர் ஊராகச் சுற்றிவிட்டுத்தான் வர வேண்டும்.

இந்த மாதிரி நேரத்தில்தான் யாருக்காவது அந்த ஞாபகம் வரும். "தாத்தா காலத்து ஆயில் எஞ்சின் ஒண்ணு மோட்டார் ரூம்ல கெடக்குல்ல?" கிடக்கிறது. மேலே கிழிந்த சாக்கு, சாக்குக்கு மேலே பழைய ஹோஸ் பைப், அதற்கும் மேலே கோழி அடை வைத்த கூடை. நாலு பையன்கள் சேர்ந்து எல்லாவற்றையும் தள்ளிவிட்டு, டேங்கில் புது டீசலை ஊற்றி, ஹேண்டிலை மாட்டிச் சுற்றுவார்கள். சுற்றாது. ஹேண்டிலில் இரும்புப் பைப்பைச் செருகி நெம்புவார்கள். "டக்" என்று ஒரு சத்தம் கேட்கும். அசைந்துவிட்டது என்று சந்தோஷப்படுவார்கள். அந்த "டக்" பல நேரங்களில் வளைந்த புஷ்ராடாகவோ உடைந்த ரிங்காகவோ இருக்கும். இருபது வருடம் சும்மா கிடந்தும் கெடாத சாமான் இருபது நிமிடத்தில் கெட்டுப்போகும். அப்புறம் என்ன, பழைய இரும்புக் கடைக்காரர் வந்து கிலோ கணக்கில் தூக்கிக்கொண்டு போவார். பேரீச்சம்பழம்கூடக் கிடைக்காது.

நின்றுபோன பழைய எஞ்சின்களில் பாதிக்கு மேல் இப்படி ஓட்டப் பார்த்ததால் செத்தவை என்று அனுபவமுள்ள எந்த மெக்கானிக்கைக் கேட்டாலும் தலையாட்டுவார். துரு மெதுவாக வேலை செய்யும். மனிதனின் அவசரம் ரொம்ப வேகம். ஆகவே பழைய ஆயில் எஞ்சினைத் திரும்ப ஓட்ட நினைக்கிறவர் முதல் நாள் செய்ய வேண்டிய முக்கியமான காரியம், அதை ஓட்டாமல் இருப்பது.

இந்த எஞ்சின்கள் எப்படி மூலைக்குப் போயின என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். இங்கிலாந்தில் டர்ஸ்லி என்ற சிற்றூரில் இருந்த லிஸ்டர் கம்பெனி 1930 வாக்கில் ஒற்றை சிலிண்டர் டீசல் எஞ்சின் ஒன்றைக் கொண்டுவந்தது. 5 குதிரைத்திறன், நிமிடத்துக்கு வெறும் 600 சுற்று. பிற்பாடு 6 குதிரைத்திறன், 650 சுற்று என்று மாறியது. இன்றைய பைக் எஞ்சின் நிமிடத்துக்கு ஏழாயிரம், எட்டாயிரம் சுற்றுவதோடு ஒப்பிட்டால் இது மாட்டு வண்டி வேகம். ஆனால் அந்த நிதானம்தான் அதன் ஆயுள். டர்ஸ்லியில் 1987-லேயே அதைச் செய்வதை நிறுத்திவிட்டார்கள். குஜராத்தின் ராஜ்கோட் பட்டறைகள் அதே அச்சில் செய்து கொண்டே இருந்தன. இன்னொரு பக்கம் 1946-ல் புனேயில் தொடங்கிய கிர்லோஸ்கர் ஆயில் எஞ்சின்ஸ். இந்த இரண்டு வகையும் இவற்றைப் பார்த்துச் செய்தவையும்தான் நம்மூர் கிணற்றடிகளில் "டுப் டுப் டுப்" என்று கேட்டவை.

அந்தச் சத்தம் ஓய்ந்ததற்கு எஞ்சின் பழுது காரணமில்லை. கம்பி வந்தது, மின்சாரம் வந்தது. தமிழ்நாட்டில் 1990-ல் எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் என்று ஆன பிறகு காசு கொடுத்து டீசல் வாங்கி யார் இறைப்பார்கள்? ஓடிக்கொண்டிருந்த எஞ்சின் ஒருநாள் நிறுத்தப்பட்டது, மறுநாள் கிளப்பப்படவில்லை, அவ்வளவுதான். 2012-ல் சென்னைக்கு வெளியே நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் கரண்ட் போனபோது பலர் மறுபடி அதன் பக்கம் திரும்பினார்கள். மின்வெட்டு குறைந்ததும் திரும்பவும் சாக்கு மூடப்பட்டது.

இப்படி, நல்லபடி ஓடும்போதே நிறுத்தி வைக்கப்பட்ட எஞ்சின் என்பது முக்கியமான விஷயம். பழுதாகி நின்ற எஞ்சினைத் திறந்தால் உள்ளே என்ன உடைந்திருக்கிறது என்று தேட வேண்டும். சும்மா நின்றதில் உடைந்தது எதுவும் இருக்காது. ஒட்டிக்கொண்டது, அடைத்துக்கொண்டது, துருப்பிடித்தது, இந்த மூன்றுக்குள் எல்லாம் அடங்கிவிடும். எனவே வீட்டுப் பெரியவர்களிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி "ஏன் நிறுத்தினீங்க?" என்பதுதான். "கரண்டு வந்துச்சு, நிறுத்துனோம்" என்று பதில் வந்தால் நம்பிக்கையோடு ஸ்பேனரை எடுக்கலாம். "ஒருநாள் டமார்னு சத்தம் வந்துச்சுப்பா" என்றால் அது வேறு கதை.

டீசல் எஞ்சினில் பற்றவைக்க ஸ்பார்க் பிளக் கிடையாது என்பது பள்ளிக்கூடத்திலேயே படித்ததுதான். உள்ளே இழுத்த காற்றைப் பிஸ்டன் பதினேழு, பதினெட்டில் ஒரு பங்காக நசுக்குகிறது. நசுங்கிய காற்று ஐந்நூறு டிகிரி செல்சியஸுக்கும் மேல் சூடாகிறது. அந்த நேரம் பார்த்து நாசில் வழியாக டீசல் பனித்தூவலாக உள்ளே போனால் தானே பற்றிக்கொள்ளும். ஆக, எஞ்சின் ஓட இரண்டே இரண்டு தேவை. காற்றை ஒழுகாமல் நசுக்க வேண்டும், டீசலைச் சரியான நேரத்தில் தூவ வேண்டும். வயரிங் இல்லை, பேட்டரி இல்லை, சென்சார் இல்லை. இரண்டில் எது இல்லை என்று கண்டுபிடித்தால் வேலை பாதி முடிந்தது. இன்றைய வண்டிகளை ஆறு மாதம் நிறுத்தி வைத்தால் முதலில் பேட்டரி சாகும். அதற்கப்புறம் எந்த விளக்கு எதற்கு எரிகிறது என்று கம்ப்யூட்டரைச் செருகித்தான் கேட்க வேண்டும். அந்தத் தொல்லை இதில் இல்லை.

காற்றில் இருந்து ஆரம்பிக்கலாம். பிஸ்டன் ரிங்குகள் லைனரைத் தொட்டுக்கொண்டிருக்கிற இடத்தில்தான் துரு முதலில் பிடிக்கும். புகைக்குழாய் வானம் பார்த்து நிற்க, அதை யாரும் மூடாமல் விட்டிருந்தால் மழைத்தண்ணீர் நேரே உள்ளே இறங்கியிருக்கும். அன்றைக்கு எஞ்சினை நிறுத்தியபோது எக்ஸாஸ்ட் வால்வு திறந்த நிலையில் நின்றிருந்தால் தண்ணீர் பிஸ்டன் தலைக்கே வந்திருக்கும். மூடிய நிலையில் நின்றிருந்தால் உள்ளே பளபளவென்று இருக்கும். இருபது வருட வித்தியாசத்தை அந்தக் கடைசி அரைச் சுற்று தீர்மானித்திருக்கிறது! விவரம் தெரிந்த பழைய ஆட்கள் எஞ்சினை நிறுத்திய பிறகு பிளைவீலைக் கையால் மெதுவாகத் திருப்பி, கம்ப்ரஷன் தட்டுகிற இடத்தில் விட்டுவிட்டுப் போவார்கள். இரண்டு வால்வும் மூடியிருக்கும் இடம் அது. ஏன் என்று கேட்டால் "அப்படித்தான் விடணும்" என்பார்கள். காரணம் சொல்லாவிட்டாலும் செய்தது சரி.

குளவியையும் மறக்கக் கூடாது. ஏர் கிளீனர் குழாயும் புகைக்குழாயும் குளவிக்கு ரெடிமேட் வீடு. கல் மாதிரி இறுகிய மண்கூடு உள்ளே இருக்கும். அதைப் பார்க்காமல் சுற்றினால் அந்த மண் முழுக்க சிலிண்டருக்குள் போய் அரைபடும். எலி பஞ்சடைத்து வைத்திருப்பதும் உண்டு. இரண்டு குழாயையும் கழற்றி, டார்ச் அடித்துப் பார்த்துச் சுத்தம் செய்ய அரை மணி நேரம்கூட ஆகாது. அந்த அரை மணியைத்தான் யாரும் செலவழிப்பதில்லை.

அடுத்து வால்வு. ராக்கர் மூடியைத் திறந்து, வால்வு மேல் மரக்கட்டையை வைத்து லேசாகத் தட்டினால் அது இறங்கி ஸ்பிரிங்கால் மேலே எழும்ப வேண்டும். ஏறவில்லையென்றால் கைடில் துருப்பிடித்து மாட்டியிருக்கிறது. அந்த நிலையில் சுற்றினால் புஷ்ராடு வளையும். மேலே சொன்ன "டக்" இதுதான். கொஞ்சம் ஆயிலும் டீசலும் கலந்து கைடு ஓரமாக விட்டு, மறுநாள் தட்டி, மறுபடி விட்டு, மறுபடி தட்டி... இறங்கி ஏறும்வரை இதேதான். அலுப்பான வேலை, ஒப்புக்கொள்ள வேண்டும்.

பிஸ்டனும் அப்படியே. நாசிலைக் கழற்றி அந்த ஓட்டை வழியாக டீசலும் ஆயிலும் கலந்து ஊற்றி இரண்டு மூன்று நாள் ஊறவிட வேண்டும். பிறகு பிளைவீலைக் கையால் பிடித்து முன்னுக்கும் பின்னுக்கும் ஆட்ட வேண்டும். ஒரு பக்கமாகவே அழுத்தாமல், தொட்டில் ஆட்டுவது போல இந்தப் பக்கம் ஒரு நூல், அந்தப் பக்கம் ஒரு நூல். கடப்பாரையைப் பிளைவீல் ஆரத்துக்குள் விட்டு நெம்புவது மகா பாவம். வார்ப்பிரும்பு வளையாது, விரிசல் விடும். கண்ணுக்குத் தெரியாத விரிசலோடு அந்தக் கனமான சக்கரம் 600 சுற்றில் ஓடினால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஒரு வாரம் ஊறியும் அசையவில்லையென்றால் ஹெட்டைக் கழற்றிவிடுவதே நல்லது. மேலே இருந்து மரக்கட்டை வைத்து இலேசாகத் தட்டலாம். லைனரில் ஒரு கோடு மாதிரி துரு இருந்தால் தேய்த்தால் போய்விடும். விரல் நகம் மாட்டுகிற அளவுக்குக் குழி விழுந்திருந்தால் லைனர், பிஸ்டன், ரிங் செட்டாக மாற்ற வேண்டியதுதான். செட் இன்னமும் கிடைக்கிறது என்பதுதான் இந்த எஞ்சின்களின் பெரிய பலம். நாற்பது வருடம் முந்தைய டி.வி.க்கு யாராவது பிக்சர் டியூப் வாங்கிவிட முடியுமா?

ஊற்றிய டீசல் ரிங் வழியாகக் கீழே ஆயிலோடு போய்ச் சேர்ந்திருக்கும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பழைய ஆயில் மொத்தத்தையும் இறக்கி, அடியில் படிந்த கறுப்புச் சேற்றைத் துணியால் துடைத்தெடுத்து, புது ஆயில் ஊற்றிய பிறகே மேற்கொண்டு யோசிக்க வேண்டும். டீசல் கலந்து நீர்த்த ஆயில் பேரிங்கைக் காப்பாற்றாது. போதாக்குறைக்கு, அளவுக்கு மேல் நிரம்பியிருந்தால் அந்த ஆயிலையே எரிபொருளாகக் குடித்து எஞ்சின் தறிகெட்டு ஓடவும் வாய்ப்புண்டு.

இனி டீசல். டேங்கில் வருடக்கணக்காக நின்ற டீசலின் அடியில் தண்ணீர் சேர்ந்திருக்கும். தண்ணீரும் டீசலும் சந்திக்கிற இடத்தில் நுண்ணுயிர்கள் வளர்ந்து கருஞ்சளி போல ஒன்று படியும். அதன் மேல் புது டீசலை ஊற்றுவது, பழைய குழம்புச் சட்டியைக் கழுவாமல் புதுக் குழம்பு வைப்பதற்குச் சமம். டேங்க், பைப், ஃபில்டர் எல்லாவற்றையும் கழற்றிக் கழுவ வேண்டும். நாசிலை மட்டும் வீட்டில் நோண்ட வேண்டாம். உள்ளே ஊசி மிகத் துல்லியமாகப் பொருந்தியிருக்கும், ஒரு கீறல் போதும். பம்ப், நாசில் வேலை பார்க்கும் பட்டறையில் கொடுத்தால் கைப்பம்பில் மாட்டித் தூவிக் காட்டுவார்கள். ஒழுகாமல், சொட்டாமல், புகை மாதிரி தூவ வேண்டும். பக்கத்தில் நின்று பார்க்கிறவர்கள் ஒன்றை மனதில் வைக்க வேண்டும். அந்தத் தூவலுக்குக் குறுக்கே கையை நீட்டக் கூடாது. சதுர சென்டிமீட்டருக்கு 100 கிலோவுக்கும் மேற்பட்ட அழுத்தத்தில் வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். பார்க்கச் சின்ன ஊசிக்குத்து போல இருக்கும், விரலையே இழக்க நேரிடலாம்.

இப்போது, இந்த வேலையில் ஆபத்தான இடத்துக்கு வருகிறோம். டீசல் பம்பில் ரேக் என்று ஒரு சின்னக் கம்பி உண்டு. ஒவ்வொரு முறையும் எவ்வளவு டீசல் போக வேண்டும் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. எஞ்சின் நிற்கும்போது ஸ்பிரிங் அதை "முழு டீசல்" பக்கம் இழுத்து வைத்திருக்கும். ஓடத் தொடங்கி வேகம் ஏறியதும் கவர்னர் அதைப் பின்னுக்கு இழுத்து அளவைக் குறைக்கும். பல வருடம் நின்றதில் அந்த ரேக் பிசின் பிடித்து முழு டீசல் பக்கமே ஒட்டிக்கொண்டிருந்தால்? எஞ்சின் கிளம்பும், அருமையாகக் கிளம்பும். 600, 800, 1000 என்று ஏறிக்கொண்டே போகும். நிற்காது. சுற்றியிருப்பவர்கள் ஓட வேண்டியதுதான். ரேக்கை விரலால் தள்ளினால் வழுக்கிக்கொண்டு போய் ஸ்பிரிங்கால் திரும்பி வர வேண்டும். இதைப் பார்க்காமல் ஹேண்டிலைத் தொடவே கூடாது என்பது சட்டமாகவே இருக்கலாம். அப்படியும் ஒருவேளை தறிகெட்டு ஓடினால், காற்று உறிஞ்சும் வாயை ஒரு பலகையால் அடைத்து மூடுவதே வழி. துணியால் அடைத்தால் உள்ளே இழுத்துக்கொள்ளும், கையால் அடைப்பது அதைவிட மோசம். எனவே முதன்முறை கிளப்பும்போது ஒருவர் கையில் பலகையோடு நிற்க வேண்டும். வேடிக்கையாகத் தோன்றும். நிற்கட்டும்.

டீசல் பைப்பில் காற்று இருந்தால் பம்ப் எவ்வளவு அழுத்தினாலும் நாசில் திறக்காது. ஃபில்டர் ஸ்குரூவைத் தளர்த்தி, குமிழி நின்று சுத்த டீசல் வரும்வரை விட்டு இறுக்க வேண்டும். அப்புறம் பம்பில், கடைசியாக நாசில் முனையில். இதைத்தான் "ஏர் எடுக்கிறது" என்பார்கள். எல்லாம் சரியாக இருந்தால் ஹேண்டிலை மெல்லச் சுற்றும்போதே நாசில் "கர்ர்" என்று கத்தும். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் மெக்கானிக் பீடியைப் பற்ற வைப்பார். அவரைப் பொறுத்தவரை எஞ்சின் ஓடிவிட்டது.

கிளப்புவது வலிமையைவிடப் பழக்கம். டிகம்ப்ரஷன் லீவரைத் தூக்கிவிட்டு, நசுக்கும் சுமை இல்லாமல் ஹேண்டிலைச் சுற்றிச் சுற்றிப் பிளைவீலுக்கு வேகம் ஏற்ற வேண்டும். போதுமான வேகம் வந்ததும் லீவரை விட்டால் சக்கரத்தின் வேகமே பிஸ்டனை மேலே தள்ளும். மெலிந்த எழுபது வயதுக்காரர் கிளப்பிவிட்டுப் போவதும், ஜிம்முக்குப் போகிற பேரன் மூச்சு வாங்க உட்கார்ந்திருப்பதும் இதனால்தான். ஹேண்டிலைப் பிடிக்கும்போது கட்டை விரலும் மற்ற விரல்களோடு ஒரே பக்கம் இருக்க வேண்டும். எஞ்சின் பின்னுக்கு உதைத்தால் கை தானாக விடுபடும். விரலைச் சுற்றிப் பிடித்திருந்தால் மணிக்கட்டு போகும். குளிரில் அடம் பிடித்தால் காற்று வாயில் இரண்டு மூன்று சொட்டு ஆயில் விடலாம், ரிங் ஓரம் அடைபட்டுக் கம்ப்ரஷன் கூடும். ஈதர் ஸ்ப்ரே அடிப்பதும் பெட்ரோல் துணியைக் கொளுத்திக் காட்டுவதும் சில இடங்களில் வீரமாகப் பேசப்படுகிறது. நல்ல கம்ப்ரஷனும் நல்ல தூவலும் இருக்கிற எஞ்சினுக்கு அது தேவையில்லை. இல்லாத எஞ்சினுக்கு அதனால் பிரயோஜனமில்லை.

ஓடியதும் உடனே பெல்ட்டை மாட்டித் தண்ணீர் இறைக்க ஆசை வரும். கொஞ்சம் பொறுக்கலாம். ஹெட்டுக்கும் லைனருக்கும் தண்ணீர் போகிற வழியில் சுண்ணாம்பும் சேறும் இறுகியிருக்கும். ஒரு பக்கம் ஊற்றினால் மறுபக்கம் தாராளமாக வர வேண்டும், சொட்டு சொட்டாக அல்ல. முதலில் இரண்டு நிமிடம், நிறுத்தித் தொட்டுப் பார்த்து, பிறகு பத்து நிமிடம். ஆரம்பத்தில் வெள்ளைப் புகை வந்து, சூடேறியதும் தெளிந்தால் நல்லது. நீலப்புகை நின்றபாடில்லை என்றால் ஆயில் எரிகிறது, ரிங்கைப் பார்க்க வேண்டும்.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். 5 குதிரைத்திறன் எஞ்சின் முழுப் பாரத்தில் மணிக்குச் சுமார் ஒரு லிட்டர் டீசல் குடிக்கும், இலவச மின்சாரத்தோடு போட்டி போட முடியாது. இன்னொன்று, மேலே நின்று உறிஞ்சும் பம்புக்கு இயற்கை போட்ட எல்லைக்கோடு உண்டு. காற்றழுத்தம் தண்ணீரை அதிகபட்சம் 10 மீட்டர் சொச்சம்தான் தூக்கும், நடைமுறையில் 6, 7 மீட்டர். நிலத்தடி நீர் அறுநூறு, எண்ணூறு அடிக்குப் போய்விட்ட கோயம்புத்தூர்ப் பக்கத்துத் தோட்டங்களில் இந்த எஞ்சினை நேரடியாக வைத்து ஒரு சொட்டுக்கூட எடுக்க முடியாது. டெல்டாவிலோ, ஆற்றங்கரையிலோ, குளத்தோரத்திலோ, ஆழமில்லாத கிணற்றிலோதான் அதற்கு வேலை. மற்ற இடங்களில் அதோடு ஒரு ஆல்டர்னேட்டரைக் கோத்து விளக்குக்கும் சின்ன மோட்டாருக்கும் கரண்ட் எடுக்கலாம். புகை விஷயத்திலும் மழுப்பத் தேவையில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012-ல் டீசல் புகையைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் பட்டியலில் சேர்த்தது. தினமும் எட்டு மணி நேரம் ஓட்ட இந்த எஞ்சின் வேண்டாம். அதற்கு சோலார் பம்பு வந்துவிட்டது. வருடத்தில் பத்து நாள், கம்பம் விழுந்த பத்து நாள், அதற்குத்தான் இது.

அப்படி ஓட்டும்போது ஒரு பழைய பழக்கம் மட்டும் திரும்ப வரவே கூடாது. உறிஞ்சும் ஆழம் போதவில்லை என்று கிணற்றுக்குள்ளே பாதியில் மேடை கட்டி எஞ்சினை இறக்கி வைப்பார்கள். மின்மோட்டாருக்கு அது சரி. எஞ்சின் புகைக்குப் போக இடமில்லாமல் கிணற்றுக்குள்ளேயே தேங்கும். நிறுத்த இறங்கியவர் மயங்கி விழ, அவரைத் தூக்க இறங்கியவரும் விழுந்து, ஒரே வீட்டில் இரண்டு மூன்று பேர் போன செய்திகள் நாட்டின் பல மூலைகளிலிருந்தும் வந்திருக்கின்றன. மூடிய மோட்டார் ரூமும் கிட்டத்தட்ட கிணறுதான். புகைக்குழாய் சுவரைத் தாண்டி வெளியே போகாவிட்டால் எஞ்சினை வெளியே தூக்கி வைத்துத்தான் ஓட்ட வேண்டும்.

இதில் மெக்கானிக்கல் படிக்கிற மாணவர்களுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. நாட்டின் எத்தனையோ கல்லூரி லேபுகளில் இதே ஒற்றை சிலிண்டர் கிர்லோஸ்கர் எஞ்சின் நிற்கிறது. பிரேக் டிரம்மில் கயிறு சுற்றி, எடை ஏற்றி, பத்து சி.சி. டீசல் தீர எத்தனை விநாடி ஆகிறது என்று ஸ்டாப்வாட்சில் பார்த்து, ரெக்கார்டு நோட்டில் வளைகோடு வரைகிறார்கள். வளைகோடு அழகாக வராவிட்டால் சீனியரின் நோட்டு இருக்கவே இருக்கிறது. எஞ்சினைக் கிளப்புவது பெரும்பாலும் லேப் அசிஸ்டென்ட். டீசல் சுழற்சியின் திறனுக்குச் சமன்பாடு எழுதத் தெரிந்தவருக்கு நாசில் கத்துகிற சத்தம் தெரியாது என்றால் படிப்பில் ஏதோ விட்டுப்போயிருக்கிறது. அந்த ஒரு செமஸ்டரில் ஒரே ஒரு முறை, வருடக்கணக்கில் நின்ற எஞ்சின் ஒன்றைக் கொண்டுவந்து போட்டு "ஓட்டிக் காட்டுங்கள்" என்று விட்டால் போதும். ராஜ்கோட்டிலும் கோவையிலும் படிக்காமலே இதைச் செய்யக் கற்றவர்களுக்கு இப்போது அறுபது, எழுபது வயது. அவர்கள் பிள்ளைகள் செல்போன் கடை வைத்திருக்கிறார்கள். அதில் தப்பில்லை. ஆனால் பட்டறை மூடுவதற்கு முன்னால் யாராவது போய்ப் பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ளாவிட்டால், அடுத்த புயலுக்கு எஞ்சின் இருக்கும், பட்டறைக்காரர் இருக்க மாட்டார்.

ஓட வைத்த எஞ்சினை அப்படியே மறுபடி சாக்குக்குள் போட்டால் பட்ட பாடு வீண். மாதம் ஒரு முறை, சூடேறுகிற அளவுக்குப் பதினைந்து நிமிடம் ஓட்ட வேண்டும். நிறுத்திய பிறகு பிளைவீலைக் கம்ப்ரஷன் தட்டும் இடத்தில் விட்டு, புகைக்குழாய் மேல் ஒரு தகர டப்பாவைக் கவிழ்த்து, குளிர்விக்கும் தண்ணீரை இறக்கிவிட்டால் போதும். ஹேண்டிலை மட்டும் மோட்டார் ரூமில் போடாமல் வீட்டுக்குள் எடுத்து வைக்க வேண்டும். எஞ்சினைத் தூக்கிக்கொண்டு போக நாலு ஆள் வேண்டும், ஹேண்டிலுக்கு ஒருத்தர் போதும். பழைய எஞ்சின் இருக்கிற வீடுகளில் முதலில் காணாமல் போயிருப்பது அதுதான்.